பாசி மிதவை தட்டட்டிக்கு ஏறுன கதை

நேத்து ராத்திரி சின்னவன் ஒரு தடவகூட எந்திரிக்கல. பங்குனில இருந்து தினம் ராத்திரி ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் "அம்மா வேர்க்குது"ன்னு எந்திரிச்சு உக்காந்துக்குவான், அக்காகாரியையும் எழுப்பிவிட்டுருவான், அப்புறம் மூணு பேரும் பாயைச் சுருட்டிக்கிட்டு வராண்டாவுக்கு ஓடணும், அங்க கொசு. நேத்து விடியக்காலம் அஞ்சரைக்கு நான் போயிப் பாத்தா போர்வைய காலுல சுத்திக்கிட்டுத் தூங்குறான். அதான், புள்ளைக ரூம் சூட்டக் குறைக்க கடல்பாசி வளக்குற மூங்கி மிதவைய தட்டட்டில, அதாவது மொட்டை மாடில, ஏத்துன கதைய மறக்கறதுக்குள்ள எழுதி வச்சிரலாம்னு உக்காந்தேன், நோட்டுல அளவெல்லாம் குறிச்சு வச்சிருக்கேன்.

எங்க வீடு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல, கடல்ல இருந்து கூப்பிடு தூரம். மாமியார் பேர்ல வந்த பசுமை வீடு, 2013ல கட்டுனது. 300 சதுரடி, அப்ப கவர்மென்ட்டுல குடுத்தது 1 லட்சத்து 80 ஆயிரம், அதுக்கு மேல நாங்க வட்டிக்கு வாங்கிப் போட்டது தனி. தளம் போட்டதோட காசு தீந்துபோச்சு. மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு தட்டோடு பதிக்கணும்னு கொத்தனார் அப்பவே சொன்னாரு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு விட்டோம், அந்த அடுத்த வருசம் இன்னும் வரல. அதனால மொட்டை காங்கிரீட், நாலு இஞ்சு, கருப்படிச்சுப்போயி கிடக்கு. சோலார் லைட்டு அஞ்சு குடுத்தாக, ரெண்டு எரியுது, அது வேற கதை.

புள்ளைக படுக்குற ரூம் உள்ளளவு 10க்கு 9. மேற்குச் சுவர் சாயங்கால வெயில்ல அப்படியே நிக்கும். ஓலை வீட்டுல இருந்தப்ப நாங்க இப்படி வெந்ததே இல்ல, காங்கிரீட் போட்ட மெத்தை வீடு வேணும்னு ஆசப்பட்டு வாங்குன வெக்கை இது.

மொதல்ல அளக்கணும்னு தோணுனது கொழுந்தனுக்குத்தான். கொரோனா நேரத்துல எங்க குழுவுல குடுத்த நெத்தில வச்சுப் பாக்குற துப்பாக்கி ஒரு அக்காகிட்ட இருந்துச்சு, அத வாங்கியாந்து தளத்தப் பாத்து அமுக்குனா நம்பரே வரல, 'ஹை'ன்னு மட்டும் காட்டுது. காய்ச்சல் பாக்குற மிசினு, அதுக்கு மேல அதுக்குத் தெரியாதாம். அப்புறம் மீன் தொட்டிக்குப் போடுற வயர் வச்ச தெர்மாமீட்டர் ஒண்ணு ஆன்லைன்ல 180 ரூவாய்க்கு எடுத்துக் குடுத்தான். சென்சார் முனைய தளத்தோட அடிப்பக்கம் டேப் போட்டு ஒட்டுனேன், சூட்டுல டேப் கழண்டு விழுந்துக்கிட்டே இருந்துச்சு, கடைசில எம்சீல் வச்சு அமுக்குனதுல நின்னுச்சு. ரூம் சூடு பாக்க தலகாணி உசரத்துல இன்னொரு சாதா தெர்மாமீட்டர், அது பக்கத்து வீட்டு டீச்சரம்மா குடுத்தது.

சித்திரை மொத வாரம் எடுத்த கணக்கு: சாயங்காலம் அஞ்சரைக்கு தளத்தோட அடி 43.2. ராத்திரி பத்து மணிக்கு அதே எடம் 39.8. பத்து மணிக்கு தலகாணிகிட்ட 34.6. அதே நேரம் வெளிய வராண்டாவுல 30.1. இதப் பாத்துட்டுத்தான் எனக்கு மண்டைல ஏறுச்சு. வெளிய குளுந்துபோச்சு, உள்ள மட்டும் வேகுது. பகல் பூராம் குடிச்ச வெயில தளம் ராத்திரி உக்காந்து கீழ துப்புது, அதுக்கு நேர் அடியில ஃபேனு, அந்தச் சூட்டக் கிண்டி புள்ளைக மேல ஊத்துது. ஆனா இத மண்டைல ஏத்துன பொறகும் நான் செஞ்சது பூராம் ரூமுக்குள்ளதான். என்னத்தச் சொல்ல.

மொதல் தப்பு ஈரச் சேலை. மதுரைல இருக்குற எங்க மதினி, "ஜன்னல்ல ஈரச் சேலையத் தொங்கவிடு, ஏசி மாதிரி இருக்கும், நாங்க அதத்தான் செய்றோம்"னு சொன்னாக. நாலு நாளு செஞ்சேன். ரூம் சூடு 33.9க்கு எறங்குச்சு, நம்பரப் பாத்தா நல்லாத்தான் இருக்கு, ஆனா புள்ளைக உடம்பு பூராம் பிசுபிசுன்னு ஆகி சின்னவனுக்கு கழுத்துல முதுகுல வேர்க்குரு அள்ளிருச்சு. மதுரை காத்து காஞ்ச காத்து, தண்ணிய உறிஞ்சிக் குளுமை குடுக்கும். இங்க கடக்காத்துல ஏற்கனவே தண்ணி நெறஞ்சு கிடக்கு, அது எங்கிட்டு உறிஞ்ச. ஏர் கூலர் வாங்கலாம்னு கடைல 5,500 சொன்னாக, நல்லவேளை வாங்கல, அதுவும் இதே வேலையத்தான் செய்யும்.

ரெண்டாவது தெர்மாகோல். அரை இஞ்சு சீட்டு பத்து, ஒண்ணு 45, பசை 120, மொத்தம் 570. தளத்துக்கு அடியில ஒட்டுனோம். மூணாம் நா ராத்திரி சூட்டுல பசை இளகி ஒரு சீட்டு ஃபேன் மேல விழுந்து பொரி பொரியா ரூம் பூராம் பறந்துச்சு, புள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தெருவுல கரண்ட் வேலை பாக்குற அண்ணன் வந்து பாத்துட்டு, "ஏந்தாயி, தீப்பிடிச்சா மொதல்ல உருகி புள்ளைக மேல சொட்டுறது இதுதான், கழட்டி எறி"ன்னு சத்தம் போட்டாரு. கழட்டுனேன். அவரே ஃபேனுக்கு கண்டன்சர் மாத்தி விட்டாரு, ரெண்டரை எம்எஃப்டி, 60 ரூவா, ஃபேன் வேகம் நல்லாவே கூடுச்சு. ஆனா சூட்டக் கிண்டுற வேகமும் கூடுச்சு.

ஏசி பத்தி பேச்சு வந்துச்சு. செகன்ட் ஹேண்டு 18 ஆயிரம். அப்ப ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, எங்களுக்கு 140 பக்கம் வரும், ஏசி போட்டு 500 தாண்டுச்சுன்னா கணக்கு வேற மாதிரி ஆயிரும். பேச்சோட சரி.

இதுக்குள்ள ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சு வீட்டுக்காரவுக கரைல. விசைப்படகுல போறவுக, ஜூன் 14 வரைக்கும் 61 நாளு வீட்டுலதான். ஆளு கையில இருக்கும்போதே மேல ஏறிப் பாத்துருவோம்னு ஏணியச் சாத்துனேன். மொதல் நாளு பகல்ல நான் செருப்பில்லாம ஏறிட்டு அலறியடிச்சு எறங்குனேன்.

அவுக சொன்ன யோசனை சாயங்காலம் தண்ணி ஊத்துறது. நல்ல தண்ணி எங்க ஊருல குடம் கணக்குல காசு, அத தட்டட்டில ஊத்துனா சனம் சிரிக்கும். கெணத்துத் தண்ணி உப்பு. அதத்தான் ரெண்டு நாளு பத்து பத்து குடம் தூக்கி ஊத்துனோம், சூடு சட்டுனு எறங்கத்தான் செஞ்சுச்சு, மூணாம் நா பழைய கொத்தனார் அண்ணன் சைக்கிள்ல போறவரு பாத்துட்டு எறங்கி வந்துட்டாரு. "உப்புத் தண்ணிய தளத்துல ஊத்துனா உள்ள கம்பி துருப்பிடிச்சு உப்பும்மா, அப்புறம் காங்கிரீட்டு பொத்துக்கிட்டு விழும், கடக்கரை வீட்டுல சும்மாவே விழுகுது"ன்னாரு. ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல அப்படித்தான் சன்சேடு விழுந்து கம்பி எலும்பு மாதிரி தெரியுது. நிப்பாட்டுனோம். உப்பு இந்தக் கதைல இன்னும் நாலு தடவ வரும்.

வெள்ளையடிக்கச் சொன்னது கொத்தனார் அண்ணன்தான். நான் அவசரக்குடுக்கை. கல் சுண்ணாம்பு எட்டு கிலோ வாங்கி நீத்து, வடிகஞ்சியக் கலந்து, காலைல பதினோரு மணிக்கு ஏறி அடிச்சேன். மாமியார் கீழ இருந்து, "ஒரு கை உப்பு போடுத்தா, ஒட்டிக்கும், நாங்க அப்படித்தான் அடிப்போம்"னாக. அந்தக் காலத்து மண் சுவருக்கு அது சரி, கம்பி போட்ட தளத்துக்கு ஆகாதுன்னு அண்ணன் சொல்லிட்டதால மாமியாருக்குச் சரின்னு தலையாட்டிட்டு போடாம விட்டேன். அடிச்ச சுண்ணாம்பு கொதிக்கிற தளத்துல விழுந்த ஒடனே காஞ்சு, சாயங்காலத்துக்குள்ள அப்பளம் மாதிரி தூக்கிருச்சு. காலு வச்ச எடமெல்லாம் மாவு. கஞ்சிக்கு எறும்பு வேற. 144 ரூவா காத்தோட போச்சு.

ரெண்டாவது வாட்டி ஒழுங்கா செஞ்சோம். தளத்த தென்ன வெளக்குமாத்தால தேச்சு பாசி, மண்ணு எல்லாம் எடுத்து, வெடிப்புக்கு சிமென்ட் பால் ஊத்தி ஒரு நாளு விட்டோம். சுண்ணாம்பு 20 கிலோ, கிலோ 18. மொத நா சாயங்காலமே பிளாஸ்டிக் டிரம்ல தண்ணி பாதி ஊத்திட்டு கல்லக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும், கல்லு மேல தண்ணிய ஊத்தக்கூடாது, வெடிச்சு மூஞ்சில அடிக்கும். கொதிச்சு அடங்குற வரைக்கும் புள்ளைகள பக்கத்து வீட்டுல விட்டுட்டேன், கண்ணுல பட்டா கண்ணு போயிரும். காலைல அத துணில வடிகட்டி, வெள்ளை சிமென்ட் 5 கிலோ, ஃபெவிகால் மாதிரி பசை ஒரு கிலோ தண்ணில கரைச்சுச் சேத்தோம், பால் பதத்துக்கு, கெட்டியா இல்ல. கெட்டியா அடிச்சா உரியும். காலைல அஞ்சு மணிக்கு ஏறி நல்ல தண்ணி நாலு குடம் தெளிச்சு தளத்த ஈரமாக்கிட்டு ஒரு கோட்டு, மறுநா காலைல ஒண்ணு, அதுக்கு மறுநா ஒண்ணு. ஏழு மணிக்கு மேல பிரஷ்ஷத் தொடல. சுண்ணாம்பு 360, வெள்ளை சிமென்ட் 160, பசை 260, பிரஷ் ரெண்டு 120, ஆக 900 ரூவா. கை வெரலு நகக்கண்ணு எல்லாம் வெந்துபோச்சு, பாலித்தீன் கவர மாட்டிக்கிட்டு அடிச்சிருக்கணும், தேங்காண்ணெய தடவிக்கிட்டுக் கெடந்தேன்.

மூணு நாளு கழிச்சு: அஞ்சரைக்கு தளத்தடி 37.9, பத்து மணிக்கு 36.1, தலகாணிகிட்ட 32.8. நம்பர் எறங்குனத விட, ஃபேன் காத்து மூஞ்சில அனலா அடிக்கிறது நின்னுபோச்சு, அது பெரிய விசயம். ஆனா சின்னவன் இன்னமும் ஒரு மணிக்கு எந்திரிச்சான்.

அடுத்தது நிழல். பச்சை நெட்டு கட்டலாம்னா கிழக்குத் தெருவுல ஒரு வீட்டுல கட்டுனது, மேற்க இருந்து அடிக்கிற கச்சான் காத்து ஒரு தடவ அடிச்சதுலயே கிழிஞ்சு வேப்பமரத்துல தொங்குது. கொட்டகை போட சவுக்குக் கம்பு விலை கேட்டா தலை சுத்துது. அப்பத்தான் கரைல பாசி மிதவை கிடக்குறது ஞாபகம் வந்துச்சு. நான் கடல்பாசி வளக்குற குழுவுல இருக்கேன், மூங்கில்ல 12க்கு 12 அடி சதுரம் கட்டி, மூலைக்கு மூலை குறுக்குக் கம்பு போட்டு, அதுல 20 கயிறு கட்டி பாசிய விதைப்போம், 45 நாள்ல அறுப்பு. நாளானதும் மூங்கி லேசாப் பொளந்தா கடலுக்கு ஆகாது, கரைல போட்டுருவோம், அடுப்பெரிக்கத்தான் போகும். 12க்கு 12! ரூமோட வெளியளவு பத்தரைக்கு பதினொண்ணரை. அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி. அது மேல கிடுகு, அதாவது பின்னுன தென்னோலை, வேஞ்சா நிழலாயிரும்.

எங்க குழுத் தலைவிகிட்ட கேட்டு ஒண்ண எடுத்தோம். அதுலயும் உப்பு. மூணு நாளு நல்ல தண்ணில கழுவிக் காயவச்சு, பொளந்த எடத்துல பழைய கயித்தச் சுத்தி இறுக்கிக் கட்டுனாக அவுக. கரையான் ஏறாம இருக்க முட்டுகள்ல வேப்பெண்ணெய் தடவுனோம், இது வரைக்கும் ஏறல. நாலு பேரு தூக்கி ஏணில சாத்தி இழுத்தோம், தெருவே நின்னு வேடிக்க பாத்துச்சு, "தட்டட்டில பாசி வளக்கப்போறீகளா மதினி"ன்னு ஒருத்தன் கேட்டுட்டுப் போறான்.

நேரா தளத்து மேல வைக்கல. நடுவுல காத்து ஓடணும், இல்லைன்னா ஓலை சூடாகி அந்தச் சூடு தளத்துக்குத்தான் எறங்கும். ஹாலோபிளாக் 12, ஒண்ணு 38. மேற்க ஒவ்வொண்ணா நாலு, கிழக்க ரெண்டு ரெண்டா அடுக்கி நாலு எடம். மேற்க எட்டு இஞ்சு இடைவெளி, கிழக்க பதினாறு, மழை பெஞ்சா மேற்க வழியும். மேற்குச் சுவருக்கும் நிழல் விழட்டும்னு மிதவைய ரெண்டடி வெளிய தள்ளி வச்சோம், இதனால கிழக்குல அரையடி மொட்டையா நிக்குது. இந்த ரெண்டடிதான் பின்னாடி வேலையக் காட்டுச்சு.

கிடுகு 90, ஒண்ணு 12 ரூவா, ஆட்டோ 200. தாழ்ந்த பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு மேல ஏத்திக்கிட்டே வேயணும், ஒண்ணு மேல ஒண்ணு பாதிக்கு மேல படியணும். மேல பழைய வலைய விரிச்சு இழுத்துக் கட்டுனோம், அது அவுக கொண்டாந்தது, காசு இல்ல. புதுக் கயிறு 150. நாலு மூலைக்கும் மண்ணு மூட்டை. எல்லாஞ் சேத்து 1,886.

ஆனி பொறந்து அஞ்சாம் நா ராத்திரி கச்சான் காத்து எடுத்துச்சு. அவுக கடலுக்குப் போயி ரெண்டு நாளு ஆச்சு. மேல டமடமன்னு சத்தம், நான் டார்ச்சோட ஏணில பாதி ஏறிப் பாத்தா, வெளிய நீட்டிக்கிட்டு இருந்த ரெண்டடிக்குள்ள காத்து பூந்து மிதவை பாய் விரிச்ச வல்லம் மாதிரி எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருது. விடியக்காலம் பாத்தா ரெண்டடி நகண்டு, ரெண்டு பிளாக்கு கவுந்து ஒண்ணு ஒடஞ்சு, கிடுகு ஒரு பதினஞ்சு பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டடில. யாரு மேலயும் விழல, அது சாமி புண்ணியம்.

அதோட இன்னொண்ணு. மூட்டைல நான் அள்ளிப் போட்டிருந்தது கடக்கரை மணல். கையில கிடச்சத அள்ளிட்டேன். கவுந்த மூட்டை ஈரக்காத்துல ஊறி தளத்துல வெள்ளை வெள்ளையா உப்புத் தடம். இத்தன தடவ கேட்டும் புத்தி வரல பாருங்க. கொத்தனார் அண்ணன் இப்ப ஒண்ணும் சொல்லல, பாத்தாரு, தலையில அடிச்சுக்கிட்டாரு, போயிட்டாரு. கழுவிவிட்டு செம்மண்ணு நிரப்புனேன்.

அவுக வந்ததும் திரும்பக் கட்டுனோம். மிதவைய உள்ள இழுத்து வெளிய ஒரு அடி மட்டும் விட்டோம். மூட்டைய நம்பாம, நாலு மூலைல இருந்தும் கயித்த கீழ எறக்கி, ரெண்டு மூலைய ஜன்னல் கம்பிலயும் ரெண்ட தரைல அடிச்ச முளைலயும், நங்கூரத்துக்குப் போடுற மாதிரி கட்டுப் போட்டு இறுக்குனாக. இந்த வேலைல மட்டும் நான் வாயத் தொறக்கல, கயிறுன்னா அவுகதான். அதுக்கப்புறம் கச்சான் ரெண்டு மூணு தடவ நல்லா அடிச்சுருச்சு, அசையல.

இப்ப கணக்கு: அஞ்சரைக்கு 33.6, பத்து மணிக்கு 33.1, தலகாணிகிட்ட 31.2, வெளிய 29.8. இதுல காலம் மாறுனதும் கொஞ்சம் சேந்திருக்கும், சித்திரை வெயிலும் ஆனி வெயிலும் ஒண்ணா. ஆனா வெளியவும் உள்ளயும் பாத்தா, முன்ன நாலரை டிகிரி வித்தியாசம், இப்ப ஒண்ணரைகூட இல்ல. கடைசியா வென்டிலேட்டர்ல இருந்த கண்ணாடியக் கழட்டிட்டு கொசு வலை அடிச்சேன், 80 ரூவா, மேல தேங்குற சூடு வெளிய போக வழி ஆச்சு, 30.6. நேத்து ராத்திரி நம்பர் அதுதான்.

கூட்டிப் பாத்தா வேலைக்கு ஆனது வெள்ளை 900, நிழல் 1,886, வலை 80, தெர்மாமீட்டர் 180, மொத்தம் 3,046. வீணாப் போனது தெர்மாகோலும் மொதல் சுண்ணாம்பும் 714. கண்டன்சர எதுல சேக்கிறதுன்னு தெரியல. ஒடஞ்ச பிளாக்குக்குப் பதிலா ரெண்டு செங்கல்ல வச்சுச் சமாளிச்சிருக்கு.

திரும்பச் செஞ்சா மொத நாளே தட்டட்டில ஏறியிருப்பேன். வெள்ளைய மாசில அடிக்கணும், வெயில் ஏறுறதுக்கு முன்ன. கிடுகு பத்தி ஒரு பயம் மட்டும் போகல, ஓலைன்னா தீ. அடுப்படி கிழக்குப் பக்கம், பொகை அங்கிட்டு வராது, கரண்டு வயரு ஒண்ணுகூட ஓலையத் தொடாமப் பாத்திருக்கேன், இருந்தாலும் தீவாளிக்கு முன்னாடி, புரட்டாசி கடைசில கிடுகு எல்லாத்தையும் எறக்கிருவோம். புயல் மழைக்கும் அது நிக்காது. சுண்ணாம்பும் மழைல கரைஞ்சு மங்கும், மங்கட்டும். மார்கழி வாடைல இதே ரூமு குளுந்து கிடக்கும், போன வருசம் சின்னவனுக்கு மூணு வாரம் சளி, அப்ப அந்தத் தளம் பகல்ல குடிக்கிற வெயிலு ராத்திரிக்கு வேணும். வென்டிலேட்டருக்கு கண்ணாடிய பத்திரமா பரண்ல வச்சிருக்கேன், தை வரைக்கும் மாட்டிக்கலாம்.

மேற்குச் சுவரோரம் பூவரசம் போத்து ரெண்டு நட்டிருக்கேன், குளிக்கிற தண்ணி அங்க போற மாதிரி வாய்க்கா இழுத்துவிட்டு. உப்பு மண்ணுக்குத் தாங்குற மரம் அதுதான். ஒண்ணு துளிர்த்துருச்சு, இன்னொண்ண, பக்கத்து வீட்டுக் கொட்டடில விழுந்த கிடுக எடுத்தாரப் போன அன்னைக்கு அந்த வீட்டு ஆடு தின்னுருச்சு. சீமைக்கருவேல முள்ளு வெட்டி வேலி போடணும், அவுக சனிக்கிழம கரைக்கு வரட்டும்.